சுத்தமான தரை

எங்கள் பேராசிரியருக்கு அந்த வருடம் பிடித்த பைத்தியத்தின் பெயர் மாணவர் ஈடுபாடு. அகழாய்வுக்கு வந்த பதினெட்டு மாணவர்களும் பத்தாவது நாளே மண்ணைப் பார்த்துக் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தார்கள். அதில் தப்பே இல்லை. நாள் முழுக்க வெயிலில் குத்தவைத்து நாலு விரல் ஆழம் சுரண்டினால் கிடைப்பது உடைந்த ஓடும் உடையாத கல்லும்தான். எனக்கும் இருபத்திரண்டு வருடமாகக் கொட்டாவி வருகிறது. வாயை மூடிக்கொண்டு விடப் பழகிவிட்டேன். பேராசிரியர் இந்தக் கொட்டாவிக்கு மருந்து கண்டுபிடித்தார். ஆளுக்கொரு கேமரா.

“கையில கேமரா இருந்தா கண்ணு தானா தொறந்துக்கும்” என்று எல்லோரையும் தகரக் கொட்டகையில் உட்காரவைத்துச் சொன்னார். “வெறும் மண்ணு தோண்டறவங்களா இருக்காதீங்க. சாட்சியா இருங்க.”

மாணவர்கள் கை தட்டினார்கள். கேமரா என்ற சொல்லுக்குத்தான் தட்டினார்கள். சாட்சி யார் காதிலும் விழவில்லை.

நிஜக் கேமரா ஆறுதான் இருந்தது. மற்றவர்களுக்கு அவரவர் செல்போன். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது, ஏனென்றால் அந்தத் தளத்தின் போட்டோகிராபர் நான். அகழாய்வுப் படம் என்பது கல்யாணப் படம் இல்லை. குழியின் தரையைத் தூசி தும்பு இல்லாமல் பிரஷ்ஷால் பெருக்க வேண்டும். அளவு தெரிய, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கோல் ஒன்றை வைக்க வேண்டும். வடக்கு எது என்று காட்ட ஓர் அம்பு, தேதியும் குழி எண்ணும் எழுதிய பலகை. இவை தவிர மனிதன் என்று ஒருவன் அதில் தெரியக் கூடாது. அவன் நிழலும் தெரியக் கூடாது. முக்கியமாக, குழிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது. இதை நான் தினமும் இரண்டு தடவை கத்தினேன். என் குரல் அந்த மைதானத்துக்கே பழகிவிட்டது.

வந்த படங்களைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி தன் உள்ளங்கையில் ஓட்டுத் துண்டை வைத்து, அதன் மேல் வெயில் விழுவதை நாற்பது தடவை எடுத்திருந்தாள். ஒருவன் சூரியன் மறைவதை மட்டுமே எடுத்தான். தோண்டினால்தான் சூரியன் மறையும் என்று நினைத்தானோ என்னவோ. இன்னொருவன் கூலிங் கிளாஸும் கரண்டியுமாகக் குழியின் விளிம்பில் நின்று, தன்னைத்தானே எடுத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஹீரோ என்று பெயர் வைத்தது நான்தான். பெயர் வைத்ததில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கிண்டல் என்பதுகூடப் புரியவில்லை.

பேராசிரியர் இந்தக் கண்றாவியை எல்லாம் சாயங்காலம் திரையில் போட்டு “அற்புதம், அற்புதம்” என்றார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்தவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் நத்தை என்பார்கள். ஒரு அளவுகோலை வைக்க ஐந்து நிமிடம், அதை நிமிர்த்த ஐந்து நிமிடம். எதையும் குனிந்து, மூக்கு தரையில் முட்டும்வரை பார்ப்பாள். அவளோடு வேலை செய்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும், மறுபேச்சு கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு கத்தி எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்டிருந்தார்கள். நாங்கள் இதுவரை கண்டுபிடித்தது பானை சுட்ட சூளைகள் மட்டும். சூளை என்றால் ஆட்கள் வந்து வேலை செய்துவிட்டுப் போன இடம். அளந்து, வரைந்து, படம் எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடலாம். ஆட்கள் அங்கேயே குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் நிலம் தப்பிக்கும். மாதக் கடைசியில் ஒரு குழு வந்து பார்த்து முடிவு சொல்லும். ஒரு வீட்டின் தரை, ஒரு அடுப்பு, எதுவாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த வாரமே புல்டோசர். மண்வெட்டியைத் தொடாத கணக்கரிலிருந்து பேராசிரியர் வரைக்கும் எல்லோரும் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

குழு வருவதற்கு ஏழு நாள் இருக்கும்போது ஏழாம் குழியில் கெட்டியான ஒரு தரை வந்தது. காலையில் வெயில் சாய்வாக விழும் அரை மணி நேரம்தான் எனக்கு வேலைக்கு ஆகும். அதற்குப் பிறகு குழிச் சுவரின் நிழல் தரையில் விழுந்துவிடும். நான் போனபோது நத்தை மட்டும் குழிக்குள் முழங்காலிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தாள். பெருக்கும் வேலை பாதிகூட ஆகவில்லை. தரையின் மூலையில் வெள்ளையாக ஏதோ தூசி படிந்திருந்தது.

“இன்னும் பெருக்கலையா? வெயில் போகுது பாரு!”

“மேடம், இங்க ஏதோ கோடு கோடா...”

“கோடும் வேணாம், ரோடும் வேணாம். தள்ளு.”

அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். செருப்பைக் கழற்றவில்லை. நேரமில்லை, அதுவும் என் செருப்புதானே. பத்து இழுப்பில் மூலையைப் பளபளவென்று ஆக்கினேன். நான் இறங்கிய கணத்தில் அவள் ஒரு படம் எடுத்திருக்கிறாள். கேமராவை வாங்கிப் பார்த்தேன். படத்தின் நட்டநடுவில் என் ரப்பர் செருப்பு. குழிக்குள் செருப்பு கூடாது என்று கத்துகிற என்னுடைய செருப்பு.

“என்ன படம் இது? அளவுகோல் எங்க? அம்பு எங்க? குப்பைய எடுத்து வெச்சிருக்க! அழி இதை.”

“மேடம், அந்தக் கோடு...”

“அழின்னு சொன்னேன்.”

அழித்தாள். என் கண் முன்னாலேயே அழித்தாள். பிறகு நான் அளவுகோல், அம்பு, பலகை எல்லாம் வைத்து, அந்தத் தரையைப் படம் எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் வாழ்நாளிலேயே நல்ல படம் அது. கண்ணாடி மாதிரி தரை. பேராசிரியர் அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொட்டகையில் மாட்டினார். “பார்த்துக் கத்துக்கோங்க” என்றார் மாணவர்களிடம். நானும் போய் இரண்டு தடவை பார்த்தேன்.

ஆறு நாள் கழித்து மண்காரர் வந்தார். மண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்து அது என்ன மண் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. ஏழாம் குழியின் சுவரோரமாக, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“இங்க பாருங்க. விரல் நீளத்துக்கு வெள்ளையா, குறுக்கும் நெடுக்குமா. இது பாய். மக்கிப் போய் வெறும் தூளா நிக்குது. யாரோ விரிச்சுப் படுத்த பாய், சார்!”

பேராசிரியர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. மண்காரர் விடுவித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சுவருக்கு அந்தப் பக்கம் பழைய தண்ணிக் குழாய்க்காக என்னிக்கோ தோண்டித் தள்ளியாச்சு. அங்க ஒண்ணும் இருக்காது. ஆனா இந்தப் பக்கம் பாய் உள்ள வந்திருக்கணுமே. எங்க மீதி?”

எல்லோரும் தரையைப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது.

“விரல் நீளத்தை வெச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. வேர் ஓடின தடம்னு சொல்லிடுவாங்க. பின்னல் தெரியணும். முதல்ல எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

நத்தை கூட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

“நான் எடுத்தேன் சார். கோடு கோடா நல்லா தெரிஞ்சுது. அப்புறம் அழிச்சிட்டேன்.”

“அழிச்சியா? யார் அழிக்கச் சொன்னது?” என்றார் பேராசிரியர்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள். பேராசிரியரும் திரும்பினார்.

“மேடம், அப்படி ஒரு படம் இருந்துச்சா?”

“தினமும் நூறு படம் பார்க்கறேன் சார். எனக்கு ஞாபகமில்லை” என்றேன்.

இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு இப்படித்தான் கை கொடுத்தது. பேராசிரியர் அவள் மேல் பாய்ந்தார். எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடிப்பில் பங்கு கேட்க வருகிறாயா, இல்லாத படத்தை இருந்ததாகச் சொல்லாதே, குழு முன்னால் வாயைத் திறந்துவிடாதே என்றெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அழிந்த படத்தை மீட்க முடியுமா என்று நான் தனியாக, திருட்டுத்தனமாக ஒரு கடையில் அந்த மெமரி கார்டைக் கொடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆனதும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கார்டைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான். அவள் ஒழுங்காகத் துடைத்திருந்தாள். அதன் மேல் எண்ணூறு படம் ஏறியிருந்தது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

என் கணவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். எங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் மூன்று ஃபிரிட்ஜ் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். டீயைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்த என்னிடம் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும், செருப்பு உட்பட.

“அந்தப் பொண்ணு படத்தைக் காட்டினப்போ நீ என்ன பார்த்த?”

“என் செருப்பைத்தாங்க பார்த்தேன்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “என் கடையில வேலை பார்க்கறவன் இப்படிப் பண்ணியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?”

என்னவெல்லாம் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றையும் இங்கே எழுத முடியாது.

மறுநாள் குழு வருகிறது. காலையிலேயே போய், சாமான் அறைக்குள் அளவுகோல் எடுக்க நுழையும்போது தட்டிக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

“காட்டிடலாம்டா. அதுல தெளிவா இருக்கு” என்றது ஒரு குரல்.

“உனக்கென்ன பைத்தியமா? மேடம் என்னை உயிரோட புதைச்சிடுவாங்க.” இது ஹீரோ.

“வேணாம்.” இது நத்தை. “அவங்களப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க.”

தட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஹீரோ செல்போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கையை நீட்டினேன். அந்தக் கைக்குப் பயந்துதானே இத்தனை நாள் இருந்தார்கள், கொடுத்துவிட்டான்.

படம் மேலிருந்து நேர் கீழாக எடுக்கப்பட்டிருந்தது. குழியின் விளிம்பில் நின்று எடுத்திருக்கிறான். அதில் நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, பின்புறம் தூக்கியிருக்க, பிரஷ்ஷோடு குனிந்திருந்தேன். அதற்குக் கீழே எழுதியிருந்தது: ‘ரெண்டாயிரம் வருஷமா பெருக்காத வீடு. இன்னைக்குத்தான் ஆள் கிடைச்சிருக்கு.’ ஏழு நாளாக அவர்களுடைய வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. பதினெட்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். சமையல்காரர்கூடப் பார்த்திருக்கிறார். பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

படத்தைப் பெரிதாக்கினேன். என் காலுக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில், சாய்ந்த வெயிலில், ஒவ்வொரு இழையும் மேலே ஒன்று கீழே ஒன்றாகப் போய் வருவது தெரிந்தது. அச்சு அசல் பாய். அதன் ஒரு ஓரத்தைப் பிரஷ் ஏற்கெனவே தின்றிருந்தது. மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தனும் எடுக்காத நேர்கோணம். என்னை நையாண்டி பண்ண எடுத்தபோது மட்டும் அந்தக் கழுதைக்கு ஒழுங்காக அமைந்திருந்தது.

“மேடம், சாரி மேடம்” என்றான் ஹீரோ. “இப்பவே அழிச்சிடறேன். எல்லாரையும் அழிக்கச் சொல்லிடறேன். சத்தியமா. ஒருத்தர்கிட்டயும் இருக்காது.”

இதை நான் மறைக்க விரும்பவில்லை: எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு தலையசைப்புப் போதும். இங்கே கிடங்கு வரட்டுமே, உலகத்தில் கிடங்கே கட்டியதில்லையா? இந்தப் பெண்ணை இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். என் படம் சுவரில் தொங்கும். நத்தையைப் பார்த்தேன். அவள் எனக்காகக் கெஞ்சுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதாம். பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, பெயர் வாங்கிக்கொடுத்தவளுக்காக நிற்கிறாள். எனக்கு வந்த வெட்கத்தில் கோபம்தான் வந்தது.

“உன்னை யாரு வேணாம்னு சொல்லச் சொன்னது?” என்று அவளிடம் கத்தினேன். பிறகு ஹீரோவிடம் திரும்பினேன். “அழிச்ச, கையை ஒடிச்சிடுவேன். எழுதினதும் அப்படியே இருக்கட்டும். பேராசிரியர் கம்ப்யூட்டருக்கு இப்பவே அனுப்பு.”

குழுவில் மூன்று பேர். தலைவி வெள்ளைத் தலையோடு, பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கிற ஒரு அம்மா. மண்காரர் விரல் நீளத் தடத்தைப் பற்றிச் சொல்லி முடித்தார். அந்த அம்மா எதிர்பார்த்தபடியே “வேரா இருக்கலாமே” என்றார். நான் எழுந்து திரையில் படத்தைப் போட்டேன். பின்னாலிருந்து முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. குழுவிலிருந்த ஒருவர்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பேராசிரியர் மட்டும் வெளிறிப்போய் நின்றார். படத்துக்குக் கீழே இருந்ததை அந்த அம்மா நிதானமாக, உரக்க வாசித்தார். வீடு என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போனார். சிரிப்பு அடங்கியது.

“பின்னல் தெரியுது” என்றார். “ஆனா அளவு? இது எவ்வளவு பெரிசுன்னு எப்படிச் சொல்றது? அளவுகோலே இல்லையே. இது யாரு கால்?”

“என் கால்.”

“குழிக்குள்ள செருப்போடவா?”

“ஆமாம். பெருக்கினதும் நான்தான். இந்தப் பொண்ணு முன்னாடியே ஒரு படம் எடுத்தா, அதை அழிக்கச் சொன்னதும் நான்தான். ஞாபகமில்லைன்னு சொன்னது பொய்.”

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம், “அந்தச் செருப்பு இப்போ இருக்கா?” என்றார்.

காலில்தான் இருந்தது. கழற்றி மேஜை மேல் வைத்தேன். மூன்று படித்த மனிதர்கள் என் ரப்பர் செருப்பை டேப் வைத்து நீளம், அகலம், வார் வரைக்கும் அளந்தார்கள். திரையில் இருந்த செருப்போடு ஒத்துப் பார்த்து, பின்னலின் இழை இவ்வளவு, பாய் இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். நான் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் அரை மணி நேரம் நின்றேன். மாணவர்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நிலத்தை ஒரு வருடம் யாரும் தொடக் கூடாது, ஏழாம் குழியைச் சுற்றி இன்னும் தோண்ட வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பேராசிரியர் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. மாணவர் ஈடுபாட்டின் வெற்றி என்று அன்றே யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திருத்த என்னால் ஆகாது.

அறிக்கையில் சேர்க்க வேண்டுமானால் படம் பதிவேட்டில் ஏற வேண்டும். நத்தை பதிவேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே உரிய வேகத்தில், ஒவ்வொரு எழுத்தாக, கட்டம் கட்டமாக நிரப்பினாள். எடுத்தவர்: ஹீரோவின் நிஜப் பெயர். படத்தில் தெரிவது: பாய்த் தடம். அளவு: ஆறாம் எண் செருப்பு. நிலை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வழக்கமாக நாங்கள் அங்கே ‘சுத்தம் செய்த பின்’ என்றுதான் எழுதுவோம்.

“என்ன மேடம் எழுதறது?”

“நீ பார்த்ததை எழுது.”

அவள் யோசித்து, ‘அழிக்கப்படும்போது’ என்று எழுதினாள். யாரால் என்று எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அவள் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை மூடாமல் என் பக்கம் நகர்த்தினாள். என் பெயரை முழுசாக எழுதினேன்.